ரத்த சார்

கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது செங்கல்வராயன், உட்கார்ந்திருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். முன்பின் தெரியாதவரின் முதுகாக இருந்தால் இன்னும் வசதி. இலையில் சாதம் எவ்வளவு விழுகிறது, பொரியலைத் தொடுகிறாரா ஒதுக்குகிறாரா, பாயசத்தை இரண்டாம் முறை கேட்கிறாரா என்று கவனித்தபடியே உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார். சாப்பிடுகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இடம் பிடிக்க ஆள் வந்துவிட்டது என்று எண்ணி ரசத்தை அவசரமாக முடித்து, மோரைத் தியாகம் செய்து எழப் பார்ப்பார். "நீங்க நல்லா துன்னுங்க. நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்" என்று செங்கல்வராயன் அவர் தோளைப் பிடித்து உட்கார வைப்பார். அப்படிச் சொன்ன பிறகு எந்த மனிதனுக்கு மோர்சாதம் இறங்கும்?

எழுபது வயதுக்கு நல்ல உடம்பு. அரைக்கை சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பு அளக்கும் டேப்பு. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உணவூட்டமும் வளர்சிதை மாற்றமும் அவருடைய துறை. அது என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் வைத்திருக்கும் விளக்கம் சுருக்கமானது: "வவுத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இன்னா நடக்குதோ, அது." தெலுங்கில் பாடம் சொல்வார், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவார், மாணவர்களைத் திட்டுவது மட்டும் நகரித் தமிழில்.

ஆந்திர எல்லையில் அவர் பிறந்த ஊரான நகரியில், வீட்டுக் கூடத்தில் விசைத்தறிகள் ஓடின. அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்பித்தான் அந்த வீட்டில் சோறு கேட்க வேண்டும். அந்தக் குரலை அவர் அப்படியே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டு பேசுவது அடுத்த கட்டடத்தில் கேட்கும். துணைவேந்தரைப் பற்றி அவர் ஒருமுறை சக பேராசிரியரின் காதில் சொன்ன கருத்து துணைவேந்தர் காதிலும் விழுந்து, இவருடைய பதவி உயர்வு சில வருடம் தள்ளிப் போனது.

திருப்பதியில் உட்கார்ந்து சர்க்கரையைப் பற்றி ஆராய்ச்சி செய்வதே ஒரு சோதனைதான். அவரைப் பார்க்க வருகிற யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, லட்டோடு வருகிறார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு துளி கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு, மீதியை ஆய்வகத்து உதவியாளர்களிடம் கொடுத்துவிடுவார். கொடுத்த கையோடு அவர்களுடைய இடுப்பையும் அளந்துவிடுவார்.

அவர் புகழுக்குக் காரணம் கேழ்வரகுக் களி. அரிசிச் சோறு ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிறது, களி மெல்ல ஏற்றுகிறது, ஆகவே தலைமுறையாகக் களி தின்று வரும் ஊரில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காது என்பது அவருடைய கருத்து. எலிகளிடம் முதலில் சோதித்தார். எலிகள் ஒத்துக்கொண்டன. பிறகு மனிதர்களைத் தேடிப் புறப்பட்டார். நாட்டில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள், வெளிநாட்டுக் கம்பெனிகள் வருகின்றன என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஐஸ் பெட்டியும் ஊசியும் எடுத்துக்கொண்டு சத்தியவேட்டுப் பக்கம் ஈச்சங்கண்டிகைக்குப் போனார்.

எல்லையோரத் தமிழ்க் கிராமம். முன்பு சொந்த நிலமில்லாத குடும்பங்கள். அரசாங்கம் பட்டா கொடுத்த பிறகு கடலையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டு, மிச்ச நாளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று வேளையும் களிதான். புளிச்சகீரைக் கடைசல் உண்டு, கருவாடு கிடைத்தால் திருநாள். செங்கல்வராயனுக்குப் புதையல் கிடைத்தது போல் ஆயிற்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஊர் மொத்தத்துக்கும் ரத்தம் எடுப்பது, இப்படியே காலம் முழுக்கத் தொடர்வது என்று திட்டம் போட்டார். ஊர் அவருக்கு ரத்த சார் என்று பெயர் வைத்தது.

ஊரைக் கூட்டித் தரும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் மணியம்மா. டுவாக்ரா மகளிர் குழுவின் தலைவி. அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவர் ஒரு குரல் கொடுத்தால் கொல்லைக்குப் போனவர்களும் திரும்பி வருவார்கள். முதல் முறை ரத்தம் எடுத்ததில் ஒருவருக்கும் கோளாறு இல்லை. இரண்டாவது முறை பாலையா என்பவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. நோயாளியின் விவரத்தை ரகசியமாகச் சொல்ல வேண்டும் என்பது ஆராய்ச்சியின் நெறி. நெறி தவறாத செங்கல்வராயன், பாலையாவை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய், தறிக்கூடத்துக் குரலில் ரகசியம் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது. சொல்லிவிட்டு வந்தவரின் முகம் தொங்கிப் போயிருந்ததையும் ஊர் பார்த்தது.

அதற்கப்புறம் எந்தச் சுற்றிலும் ஈச்சங்கண்டிகையில் ஒருவருக்கும் சர்க்கரை வரவில்லை. சென்னையில் ஏறியது, ஹைதராபாத்தில் ஏறியது, திருப்பதியில் சொல்லவே வேண்டாம். ஈச்சங்கண்டிகையின் கோடு மட்டும் வரைபடத்தின் அடியில் படுத்துத் தூங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து களி உருண்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். செங்கல்வராயனின் வீட்டிலும் களியே சட்டம் ஆயிற்று. மகன் யோகேஷ் பெரியவனாகி நியூஜெர்சிக்குப் போனதற்குக் கணிப்பொறி ஒரு காரணம், களி ஒரு காரணம் என்று உறவினர்கள் பேசிக்கொள்வார்கள். மனைவி தாட்சாயணி அம்மாள் மட்டும் கணவர் வகுப்புக்குப் போனதும் வெள்ளைச் சோறு வடித்து, உருளைக்கிழங்கு வறுத்து, சாப்பிட்ட கையோடு பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

பிறகு சத்தியவேட்டுப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. விடியற்காலையில் வெள்ளை வேன்கள் ஊருக்குள் வந்து நிற்கும். சீருடை போட்ட பையன்களும் பெண்களும் ஏறிப் போய், கேன்டீனில் சுடச்சுட அரிசிச் சோறும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். மணியம்மாவின் மகன் ரமணாவும் அந்த வேனில் ஏறினான். கேழ்வரகு விதைத்த நிலங்களில் மாங்கன்று வைத்தார்கள், சிலர் மனை போட்டு விற்றார்கள். செங்கல்வராயனுக்குத் தூக்கம் போயிற்று. தன் ஊர் கைவிட்டுப் போகிறது, அடுத்த சுற்றில் கோடு எழுந்து நிற்கப் போகிறது என்று நடுங்கிக்கொண்டே ரத்தம் எடுத்தார். கோடு எழவில்லை, படுத்தபடியே இருந்தது.

இதற்கு ஒரு காரணம் வேண்டுமே. யோசித்துக் கண்டுபிடித்தார். சிறு வயதில் தின்ற களி உடம்புக்குள்ளேயே தங்கி, பிற்பாடு சோறு தின்றாலும் காவல் காக்கிறது என்று எழுதினார். அவருடைய கட்டுரைகளில் இதற்குத்தான் பெரிய பெயர். கட்டுரையில் ஒரு சிறு குறை உண்டு என்பதையும் அவரே நேர்மையாகக் குறிப்பிட்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் சிலர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கேட்டால், பட்டணம் போய்விட்டார்கள் என்று மணியம்மா சொல்வார். தாராளமயப் பொருளாதாரம் கிராமத்து மனிதர்களை வேரோடு பிடுங்கிப் போகிறது என்று ஒரு முழுப் பத்தி வருத்தப்பட்டு எழுதி, அவர்களை இடம்பெயர்ந்தோர் கணக்கில் சேர்த்தார். பாலையாவும் அந்தக் கணக்கில்தான் இருந்தார். இதற்கிடையே பெங்களூர்க் கம்பெனி ஒன்று கேழ்வரகு மாவுப் பாக்கெட்டில் செங்கல்வராயனின் படத்தைப் போட்டது. திருப்பதி புறவழிச் சாலையில் ஏசி ஓட்டல்கள், நாட்டுக்கோழிக் குழம்போடு களியை வெள்ளித் தட்டு மாதிரி ஒன்றில் வைத்துப் பரிமாறத் தொடங்கின.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் இருக்கும்போது, பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் அவருடைய ஆராய்ச்சி மாணவி மஞ்சு ஒரு வேலை செய்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புதிய கருவி ஒன்று வந்திருந்தது. வழக்கமான சோதனை அன்றைக்குக் காலை ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் சொல்லும். இந்தக் கருவி கடந்த மூன்று மாதமாக அது எப்படி இருந்தது என்று சொல்லிவிடும். கடைசிச் சுற்றில் எடுத்த ஈச்சங்கண்டிகை ரத்தத்தை மஞ்சு அதில் போட்டுப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை அளவு தாறுமாறாக இருந்தது.

கருவி கெட்டுவிட்டது என்று செங்கல்வராயன் தீர்ப்புச் சொன்னார். விற்ற கம்பெனியைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். கம்பெனி ஆட்கள் வந்து கழற்றி மாட்டி, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர் நம்பவில்லை. ஒழுங்காக இருக்கும் ரத்தத்தைப் போட்டுக் கருவியின் யோக்கியதையைக் காட்டுகிறேன் பார் என்று தன் ரத்தத்தையும் தாட்சாயணி அம்மாளின் ரத்தத்தையும் எடுத்தார். உருளைக்கிழங்கும் வெள்ளைச் சோறுமாக வாழ்ந்த அம்மாளின் ரத்தம் பாடப்புத்தகத்தில் போடலாம் போல் இருந்தது. களி தின்றே காலம் கழித்த பேராசிரியர் எல்லைக்கோட்டில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். மஞ்சு தாளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஈச்சங்கண்டிகைக்குப் போனார். ரத்த சார் முன்னறிவிப்பு இல்லாமல் அந்த ஊருக்குப் போனது அதுவே முதல் தடவை. ஊர் முகப்பில் புளியமரத்தடியில் சிலர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். எல்லாரும் அவருடைய கணக்கில் இடம்பெயர்ந்தவர்கள். தாராளமயப் பொருளாதாரம் பிடுங்கிப் போட்ட வேர்கள் அத்தனையும் துண்டை விரித்து உட்கார்ந்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தன. பாலையாவின் பக்கத்தில் ஒரு கட்டைக்கால் சாய்த்து வைத்திருந்தது. அவருடைய வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "வாங்க சார், இன்னா திடீர்னு?" என்று அவர் மலர்ந்த முகத்தோடு கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்த பிறகுதான், தான் சென்னையில் இருக்க வேண்டியவன் என்பது பாலையாவுக்கு நினைவு வந்தது.

மணியம்மாவின் வீட்டு வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. மறைக்க நேரம் இல்லை. செங்கல்வராயன் அடுப்புக்கு முன்னால் நின்றார். இருபது வருடத்துக்கு மேலாக அவர் பெயரெடுத்ததெல்லாம் அந்தப் பானைக்குள் வெந்துகொண்டிருந்தது. இந்த ஊர் ஏன் என்னை ஏமாற்றியது என்று கேட்டார்.

மணியம்மாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ஏமாற்றினோமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"பாலையாவுக்கு சக்கரன்னு அன்னிக்கி நீங்க சொன்னப்போ உங்க மொகத்த நாங்க பாத்தோம் சார். எழவு வூட்ல நிக்கிற மாதிரி நின்னுக்கினு இருந்தீங்க. ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல. திருப்பதில இருந்து நம்ம ஊர நம்பி வர்ற மனுசன். அவருக்கு நல்ல ரத்தமா குடுக்க வேணாமா?"

அன்றிலிருந்து ஊர் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் கங்கம்மா ஜாதரைக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் சுத்தபத்தமாக இருக்கும். ரத்த சார் வரப்போகிறார் என்று சில நாள் முன்னால் தகவல் வந்தாலும் அதே மாதிரிதான். அன்றைக்கே தண்டோரா போட்டுவிடுவார்கள். அரிசிப் பானை பரண் ஏறும். சாராயம் நிற்கும். எல்லா வீட்டிலும் களி, காலையும் மாலையும் ஏரிக்கரை வரை நடை. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்துச் சர்க்கரை என்று தெரிந்துகொண்டவர்களை மட்டும் ரத்தம் எடுக்கும் நாளில் விடிவதற்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் ஏற்றி சத்தியவேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சாரின் வண்டி போனதும் திரும்பி வந்துவிடுவார்கள். அவர் ஒரு பத்தி வருந்தி எழுதிய இடப்பெயர்ச்சி, காலையில் போய் மாலையில் முடிந்துவிட்டிருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சர்க்கரை உள்ளவர்கள் மருந்தாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். மணியம்மா அடுப்பு விறகை உள்ளே தள்ளினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா சீட்டுல எழுதிருவாங்க. எப்பிடியும் உங்க காதுக்கு வந்துரும். உங்களுக்குக் கெட்ட பேராப் பூடும்னு யாரும் போவல சார். பாலையா மட்டும் போனாரு, அதுவும் காலு கறுத்தப்புறம்."

செங்கல்வராயன் அடுப்புப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் முகம் வாடக் கூடாது என்பதற்காக ஒரு ஊரே நோயை மறைத்து வைத்துக் கெட்டுப்போயிருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எலிகளுக்கு அவர் முகத்தைப் பற்றிக் கவலை இருந்ததில்லை. ஆகவே எலிகள் அவரிடம் உண்மையைச் சொல்லின. அந்த வித்தியாசத்தை அவர் எந்தக் கட்டுரையிலும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. மணியம்மா பதறிப்போய்ச் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு ஆற்றிக் கொடுத்தார். அவர் மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து தாட்சாயணி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார். "அப்போ இனிமே நான் ஒளிச்சி வெச்சித் துன்ன வேணாம்" என்றார் கடைசியில். கட்டுரையைத் திரும்பப் பெறுவதா, வாயை மூடிக்கொண்டு ஓய்வு பெறுவதா என்று அவர் பல நாள் வீட்டுக்குள் நடந்தார். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மஞ்சுகூட வாய் திறக்க மாட்டாள், அவளுக்குப் பட்டம் வேண்டும். ஆனால் அவர் பெயர் உயரத்தில் இருக்கிற வரைக்கும் ஈச்சங்கண்டிகையில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் படியேற மாட்டார்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பப் பெற்றார்.

தன் பெயர் நாறிப் போகும் என்று எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. திரும்பப் பெற்ற அறிவிப்பை யாரும் படிக்கவில்லை. பழைய கட்டுரையை இன்றைக்கும் உலகமெங்கும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாராட்டு விழா குறித்த நாளில் நடந்தது. மேடையில் எழுந்து, என் வாழ்நாள் ஆராய்ச்சியின் முடிவு தவறு, அந்த ஊரில் சர்க்கரை இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை என்று ஒலிபெருக்கி தேவைப்படாத குரலில் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு பெரிய மனிதருக்கு எத்தனை அடக்கம் என்று தலைமை வகித்தவர் கண் கலங்கினார். செங்கல்வராயன் மாவுக் கம்பெனிக்கும் எழுதினார். எங்கள் வாடிக்கையாளர்கள் ஆராய்ச்சி இதழ்கள் படிப்பதில்லை, கவலைப்பட வேண்டாம் என்று அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். பாக்கெட்டில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார், கொஞ்சம் இளமையாக.

இப்போது மாதம் ஒருமுறை ஈச்சங்கண்டிகைக்குப் போகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரும் மாத்திரையோடு உடன் வருகிறார். எந்தத் தேதி, எந்தக் கிழமை என்று யாருக்கும் சொல்வதில்லை. அது வீண் முயற்சி. சத்தியவேட்டு பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்குவதைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் ஊருக்கு போன் போட்டுவிடுகிறார். இவர் போய்ச் சேர்வதற்குள் எல்லா வீட்டிலும் களி கிண்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ரமணா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவன், தூக்கக் கலக்கத்தோடு பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். சர்க்கரை இருப்பது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு என்று இவர் தெருவில் நின்று கத்திச் சொல்கிறார். சரே சார், சரே சார் என்று ஊர் தெலுங்கில் தலையாட்டுகிறது. சிலர் மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள். சிலர் அவர் மனம் குளிர வாங்கிப் பரணில் வைக்கிறார்கள்.

பானைகளைச் சோதித்து அலுத்துப்போய், செங்கல்வராயன் பாதங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். சர்க்கரை முற்றினால் முதலில் பாதத்தில் உணர்ச்சி போகும். காயம் பட்டாலும் தெரியாது, அப்படித்தான் பாலையாவின் கால் போயிற்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு மெல்லிய நைலான் இழை போதும். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே இழையால் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். புளியமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, ஊரை வரிசையில் நிற்க வைத்து இந்தச் சோதனையைச் செய்கிறார். வரிசையை ஒழுங்குபடுத்துவது மணியம்மா. அவர் ஒருமுறைகூட வரிசைக்குள் வந்ததில்லை. கேட்டால், தனக்கு ஒன்றும் இல்லை, தான் கேவுரு துன்னு வளர்ந்த உடம்பு என்று நெஞ்சில் தட்டிக்கொள்வார்.

போன மாதம் மணியம்மா குழாயடியில் இருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். செங்கல்வராயன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் மணியம்மாவின் இடதுகால் செருப்பு கழன்று மண்ணிலேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் இல்லாமலும் வெயில் மண்ணில் நடந்து வந்து, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யாரங்கே வரிசையைக் கலைக்கிறது என்று அதட்டினார்.

செங்கல்வராயன் எழுந்து போய் அந்தச் செருப்பை எடுத்து வந்தார். வரிசையில் நின்றவர்களை அப்புறம் வரச் சொன்னார். மணியம்மாவைப் பெஞ்சில் உட்காரச் சொன்னபோது அவர் மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பேராசிரியர் தரையில் உட்கார்ந்து பாதத்தைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். ஐயோ காலைத் தொடாதீர்கள் என்று மணியம்மா கூசினார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கினார். உள்ளங்காலில், அவர் அறியாமலே ஒரு முள் ஏறி, சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது.

"கண்ண மூடிக்கோங்க. தொட்டா மட்டும் சொல்லுங்க. என்னைப் பாக்கக் கூடாது."

மணியம்மா கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். செங்கல்வராயன் பையிலிருந்து இழையை எடுத்து நேராக்கினார்.

"தெரியுது சார்" என்றார் மணியம்மா. "நல்லா தெரியுது."

இழை இன்னும் அவர் கையில்தான் இருந்தது, பாதத்தைத் தொடவில்லை. செங்கல்வராயன் அதைக் கீழே வைத்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். மணியம்மா மூடிய கண்ணைத் திறக்காமல், அவருக்கு நல்லபடியாகப் பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு சிறிது நேரம் காத்திருந்தார்.

"ஆயிடுச்சா சார்? அந்தக் காலையும் காட்டட்டா?"

அவர் பிடித்த பிடியை விடவில்லை.